புதுப்பிப்பு: பிக் எண்டியன் போர்டில் செக்சம் பிழை, காரணம் கிடைத்தது

முந்தைய பதிவின் சுருக்கம்: பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை மெமரியில் முதலில் வைக்கும்) பவர்பிசி போர்டில் 56 பைட் பிங் (பதில் கேட்கும் சோதனைப் பாக்கெட்) போகிறது, 57 பைட் போனால் பதில் இல்லை. செக்சத்தை (பாக்கெட் பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) கணக்கிடும் அதே சி கோடு லிட்டில் எண்டியனான (சிறிய பைட் முதலில்) எக்ஸ்86-ல் சரியாக ஓடுகிறது.

கோளாறு, நீளம் ஒற்றைப்படையாக இருக்கும்போது ஜோடியில்லாமல் மிஞ்சும் கடைசி பைட்டில்தான். 16 பிட் சொற்களைக் கூட்டும் லூப்புக்குள் எண்டியன் பார்க்கவே வேண்டாம். மேல் கேரியை (16 பிட்டைத் தாண்டி வழிவதை) கீழே சுற்றிச் சேர்ப்பதால், பைட்டுகள் இடம் மாறினால் விடையும் அப்படியே இடம் மாறும். மெமரியில் எழுதும்போது ஒன்றாகிவிடும். இந்த அழகை 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1071 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விளக்குகிறது. அதனால் லூப்புக்குள் என்டோஹெச்எஸ் (பைட் வரிசையை மாற்றும் சி ஃபங்ஷன்) போடாதீர்கள்.

மிஞ்சும் பைட்டுக்கு அது பொருந்தாது. 01 02 03 எடுத்துக்கொள்ளுங்கள் (ஹெக்ஸ்). லிட்டில் எண்டியனில் 0201 + 0003 = 0204, மெமரியில் 04 02. பிக் எண்டியனில் 03-ஐ 8 பிட் இடம் தள்ளி 0102 + 0300 = 0402; அதுவும் 04 02. தள்ளாமல் கூட்டினால் 0105, பாக்கெட் குப்பைக்கு.

சூடோ ஹெடரில் (டிசிபி போன்றவற்றின் செக்சம் கணக்கில் மட்டும் சேரும், பாக்கெட்டில் போகாத முகவரி, நீளம் முதலிய தகவல்) இதற்கு நேர்மாறு: புரோட்டோகால் எண்ணையும் நீளத்தையும் லிட்டில் எண்டியனில்தான் 8 பிட் தள்ள வேண்டும்.

டிசிபியில் சோதிப்பவர்கள் முதலில் ஈத்டூல் என்ற லினக்ஸ் கருவியில் செக்சம் ஆஃப்லோடை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நெட்வொர்க் கார்டே கணக்குப் போட்டுப் பிழையை மறைத்துவிடும். போர்டு இல்லாதவர்களுக்கு க்யூஇஎம்யூ எமுலேட்டரில் பிக் எண்டியனான எஸ்390எக்ஸ் போதும். ஒற்றைப்படை நீளம், ஒற்றைப்படை முகவரி இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.