தொழி உழவுக்கு நடுவே வெடித்த சிலிண்டர் ஹெட்: சரிசெய்வதா, மாற்றுவதா?

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில், ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்து வாடகை டிராக்டர்களுக்கு ஓய்வே கிடைக்காது. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டித் தொழி (சேற்று வயல்) உழும்போது வண்டி மெதுவாகத்தான் நகரும்; எஞ்சினோ முழுச் சுமையில் இருக்கும். ரேடியேட்டரின் முன்வலையில் சேறும் அரிதாளும் அப்பிக்கொண்டால் காற்று புகாமல் சூடு மளமளவென்று ஏறிவிடும். எங்கள் மூன்று சிலிண்டர் டிராக்டரில், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் அப்படித்தான் வெடித்து விரிசல் விட்டது.

டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது எண்ணெய் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டினால் குமிழி இடைவிடாமல் வந்தது. வயலுக்கு வந்த மெக்கானிக், "ஹெட்டு போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க" என்றார். இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துப் புது ஹெட்டுக்குப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் மட்டும் எரிந்திருந்தாலும் இதே குமிழிதான் வரும். லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயின்) அடி ரப்பர் வளையம் கசிந்தாலும் எண்ணெயில் தண்ணீர் கலக்கும். ஆகவே ஹெட்டை இறக்கி, கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் சோதித்த பிறகே முடிவெடுப்பது என்று நின்றேன்.

அங்கே கார்பனைச் சுரண்டிக் கழுவிய ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தார்கள். நடு சிலிண்டருக்கு நேரே 0.10 மி.மீ. தகடு தடையின்றிப் போயிற்று. பல எஞ்சின்களுக்கு ஏறக்குறைய அதுவே எல்லை. சரியான அளவு அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். வளைவு மட்டும்தான் என்றால் ஃபேசிங் செய்து (முகத்தைச் சமமாகத் தேய்த்து) மாட்டியிருப்போம். ஆனால் தண்ணீர்த் துளைகளைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, தொட்டியில் மூழ்கடித்தபோது கதை மாறியது. தண்ணீர் குளிர்ந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அதைச் சூடாக்கிய பிறகு, வால்வு அமரும் சீட்டுக்கும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளைக்கும் இடையிலிருந்து நூல் பிடித்தாற்போலக் குமிழிகள் எழுந்தன. சூட்டில் மட்டும் வாய் திறக்கும் விரிசல் அது. பச்சைத் தண்ணீரில் சோதித்து "நல்ல ஹெட்" என்று சொல்லும் பட்டறையை நம்ப வேண்டாம் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

வார்ப்பிரும்பு ஹெட்டைப் பற்றவைக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். முழு ஹெட்டையும் உலையில் பழுக்கச் சூடேற்றி, பற்றவைத்து, மெல்ல மெல்ல ஆறவிட்டால் நிற்கும். அந்த உலை வசதி இல்லாமல் நிக்கல் ராடு வைத்துக் குளிர்ந்த இரும்பில் ஒட்டினால், எரியறைச் சூட்டில் பற்றின் ஓரத்திலேயே மறுபடி விரிசல் விடக்கூடும். தண்ணீர் அறையின் வெளிச்சுவரில் விரிசல் என்றால் விரிசல் நெடுகத் துளையிட்டு உலோக ஊசிகளை இறுக்கும் தையல் முறையில் அடைக்கலாம். வால்வு சீட்டுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் அதற்கு இடமே இல்லை. பற்றவைப்பு, புது சீட், வால்வுத் தண்டு ஓடும் கைடு, ஃபேசிங் எல்லாவற்றையும் கூட்டியபோது புது ஹெட்டின் விலையில் பாதியைத் தாண்டியது. அதற்கும் உத்தரவாதம் கிடையாது. நடவு காத்திருந்த நேரத்தில் மறுபடி ஹெட்டை இறக்கும் நிலை வரக்கூடாது என்பதால் புதிதையே வாங்கினேன்.

என் மைத்துனருடைய வண்டியில் இதற்கு நேர்மாறு. அவருடைய ஹெட் வளைந்திருந்ததே தவிர விரிசல் இல்லை. ஃபேசிங் செய்த பிறகும் ஹெட்டின் தடிமன் கையேட்டின் எல்லைக்குள் இருந்ததால் அதையே மாட்டினோம், இன்றுவரை குறையில்லாமல் ஓடுகிறது. ஃபேசிங்கில் உலோகம் குறைவதால் டீசல் எஞ்சினில் வால்வு பிஸ்டனில் தட்டுமா, இன்ஜெக்டர் முனை எவ்வளவு வெளியே நீள்கிறது என்ற இரண்டையும் அவசியம் அளக்க வேண்டும். சிறிய சரக்கு வண்டிகளில் வரும் அலுமினிய ஹெட்டுக்கோ இன்னொரு கவலை உண்டு: கடுஞ்சூடு பட்ட அலுமினியம் மிருதுவாகிவிடும், எவ்வளவு சமமாகத் தேய்த்தாலும் போல்ட் இறுக்கத்தைத் தாங்காது. கடினத்தன்மை சோதனையில் தேறாததை மாற்றிவிடுவதே நல்லது.

புது ஹெட் வாங்கும்போது அது வெறும் வார்ப்பா, வால்வு, ஸ்பிரிங், கைடு பொருத்தியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பழைய ஹெட் கிடைத்தால், காசு கொடுக்கும் முன் சுடுதண்ணீர்ச் சோதனைக்கு விற்பவரைச் சம்மதிக்க வையுங்கள். நாங்கள் மாட்டும் முன் பிளாக்கின் மேல்முகத்தையும் அதே நேர்ச்சட்டத்தால் பார்த்தோம். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளும் புறமும் கழுவி, தெர்மோஸ்டாட்டை மாற்றி, போர்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்கினோம். எஞ்சின் ஓடிச் சூடேறிய பிறகு மறுபடி இறுக்க வேண்டுமா என்பது கேஸ்கெட்டைப் பொறுத்து மாறும், அதைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள்.