மாடிப்படி விளக்குகளை மாற்ற உதவி தேவை

வணக்கம். நுவரெலியாவில் எங்கள் தொடர்மாடியில் 12 வீடுகள். மாடிப்படிகளில் இன்னும் 60 வாட் குண்டு பல்புகள்தான், மொத்தம் 16. மாலை பனிமூட்டம் இறங்கும்போது போட்டால் விடியும்வரை எரியும். 12 மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 11.5 யூனிட்! அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்ஈடி போட்டால் 2 யூனிட்டுக்குள் முடியும். சங்கக் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் காட்டினேன். சரி என்றார்கள், ஆனால் செலவை யார் போடுவது என்பதிலேயே கூட்டம் கலைந்துவிட்டது. மனசு கேட்கவில்லை.

உங்கள் தொடர்மாடியில் பணத்தை எப்படிப் பிரித்தீர்கள்? வீட்டுக்கு வீடு சமமாகவா, பராமரிப்பு நிதியிலிருந்தா? அப்புறம், ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சர் இந்த ஈரத்துக்குத் தாங்குமா? மழைக்காலத்தில் எங்கள் சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். கண்டி, பண்டாரவளைப் பக்கம் போட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிறு மறுபடி கூட்டம்.