காக்கைக்கு வைத்த சோறும் அத்தையின் பூனையும்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எப்படிச் சமாளிப்பது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. எங்கள் வீட்டில் போன வருடம் அது நடந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகள் மெல்பர்னில், மகன் டொராண்டோவில். வீட்டில் மிச்சம் இருந்தது நான், என் கணவர், மாமியார், அவருடைய பூனை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

பூனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் பிரச்சினையே அதனால்தான். அத்தை பல வருடமாகப் புளோக் (எங்கள் அடுக்குமாடிக் கட்டடம்) கீழே மீன் போட்டு வளர்த்த செம்பழுப்புத் தெருப்பூனை அது. வால் நுனி மடங்கியிருக்கும். இடது காது நுனி வெட்டியிருக்கும். கருத்தடை செய்த தெருப்பூனைக்கு இங்கே அதுதான் அடையாளம். அப்போதெல்லாம் வீவக வீட்டில் பூனை வளர்க்கத் தடை. 2024 செப்டம்பரில் தடையை நீக்கி, வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வாரமே அத்தை அதை மேலே கொண்டுவந்துவிட்டார். ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தோம், மைக்ரோசிப் போட்டோம். உரிமம் எடுக்க இணையத்தில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும். மகள் மெல்பர்னிலிருந்தே போனில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். விண்ணப்பத்தில் பூனையின் பெயர் கேட்டது. அத்தை அதை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். அதை எப்படி எழுதுவது? மகளே "முத்து" என்று போட்டுவிட்டாள். அத்தை வாயிலிருந்து கடைசிவரை அந்தப் பெயர் வரவே இல்லை.

2025 பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம், விடியற்காலையில், அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கம்பக்கத்தில் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எப்படித் துக்கம் சொல்லி அனுப்புவது என்ற சங்கடம் வேறு.

மகள் அன்று இரவே வந்து சேர்ந்தாள். மகன்தான் "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்கப்பா" என்று அழுதான். டொராண்டோவிலிருந்து இங்கே நேரடி விமானம் கிடையாது. அவன் டிக்கெட் எடுத்து, மாறி வந்து சேர இரண்டு நாள் ஆகிவிடும். என் கணவர் மறுநாளே எடுப்பது என்று முடிவு செய்தார். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வர முடியாத பிள்ளைக்காகக் காத்திருந்தால், வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் புளோக் கீழே காரியம். பண்டாரம், "பேரப்பிள்ளைங்க நெய்ப்பந்தம் பிடிக்க முன்னே வாங்க" என்றார். வந்தது இரண்டே பேர். ஒன்று என் மகள். இன்னொன்று நாத்தனார் மகன். தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சியில்) இருப்பவன், முகாமில் விடுப்பு வாங்கி வந்திருந்தான். தலை ஏற்கெனவே மொட்டைதான், நாவிதருக்கு ஒரு வேலை மிச்சம் என்று யாரோ சொல்ல, அந்த நேரத்திலும் சிலர் சிரித்தார்கள். நமக்கு மதியம் இரண்டு என்றால் டொராண்டோவில் நள்ளிரவு இரண்டு. மகள் ஒரு கையில் பந்தத்தையும் மறுகையில் தம்பி இருந்த போனையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். நெய் சொட்டி கேமரா மேல் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அவனுக்கு எல்லாமே மஞ்சளாக, கலங்கலாகத்தான் தெரிந்ததாம். உங்கள் வீட்டில் இப்படி வந்தால் போன் பிடிக்க என்றே தனியாக ஒரு ஆளை வைத்துவிடுங்கள். காரியம் செய்கிறவர் கையில் கொடுக்காதீர்கள்.

மண்டாயில் தகனம் முடிந்து, அஸ்தியைச் சாங்கி பக்கம் படகில் கொண்டுபோய்க் கரைத்தோம். மகளும் விடுப்பு தீர்ந்து கிளம்பினாள்.

அப்புறம்தான் காக்கை விவகாரம். பதினாறாம் நாள் படையல் போட்டு, காக்கைக்கு வைக்க வேண்டும் என்றார் நாத்தனார். இங்கே காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு போடக்கூடாது என்று 2020லிருந்து சட்டம் இருக்கிறது. காக்கையும் அதில் அடக்கம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். புளோக் கீழே புல்தரையில் வைக்க முடியாது. கடைசியில் ஒரு வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, தயிர் வைத்து அடுக்களை ஜன்னல் திட்டில், உள்பக்கமாக வைத்தோம். காக்கை வந்து பார்த்துவிட்டுப் போனாலே போதும் என்று ஒரு சமாதானம். பார்த்தால் பூனைக்காக அடித்த வலை குறுக்கே நிற்கிறது! எதிர் புளோக்கின் கம்பியிலிருந்து ஒரு காக்கை எட்டிப் பார்த்ததென்னவோ உண்மை. நாங்கள் கும்பிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் பூனை திட்டில் ஏறித் தயிர்ச்சோற்றை நக்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ அண்ணி, படையலைப் பூனை தின்னுடுச்சே" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அத்தை போனதிலிருந்து அது சரியாகச் சாப்பிடவே இல்லை. அவர் அறைக் கதவுக்குக் கீழே மோப்பம் பிடித்துக்கொண்டே படுத்திருந்தது. அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டது. எனக்கு அதை விரட்ட மனசு வரவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் உறுத்தல்.

பதினாறு முடிந்தால் கோயிலுக்குப் போகலாம் என்கிறார்கள் சிலர், வருஷம் திரும்பட்டும் என்கிறார்கள் சிலர். எங்களுக்குப் புரட்டாசி சனிக்கிழமையை விட முடியாது, அத்தையும் விட்டதில்லை. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். வரிசையெல்லாம் முடிந்தபிறகு ஒரு பட்டரிடம் மெதுவாகப் படையல் கதையைச் சொன்னேன். பரிகாரம் ஏதாவது சொல்வார் என்று நினைத்தால், அவர் சிரித்துவிட்டார். வைணவத்தில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு உண்டு, அதை வைத்தே பதில் சொன்னார்.

"குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கும், வடகலையார் அப்படிப் பிடிச்சுக்கணும்பா. பூனைக்குட்டி ஒண்ணுமே பண்ணாது, தாய்தான் கவ்வித் தூக்கிட்டுப் போகும். தென்கலையார் பெருமாள் அப்படித்தான் நம்மைத் தூக்கறார்னு சொல்லுவா. சரணாகதிக்கே உதாரணமா நிக்கிற ஜீவன் சாப்பிட்டதுக்கு என்னம்மா தோஷம்? போய் நிம்மதியா பிரசாதம் சாப்பிடு" என்றார்.

ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது என் கணவர், "அப்போ நம்ம பிள்ளைங்க குரங்கா, பூனையா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லீங்க, காக்கா. கூப்பிட்டாத்தான் வரும்" என்றேன். அதை அவர் அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். மகள் சிரித்தாள். மகன் இரண்டு நாள் பதிலே போடவில்லை.

தீபாவளி எங்களுக்கு இல்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்த முறுக்கும் அதிரசமும் தை வரை இருந்தன.

வருகிற பங்குனியில் வருஷத் திதி. மகன் டிக்கெட் எடுத்துவிட்டான், மூன்று வாரம் இருப்பானாம். அவனுக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது, தும்மித் தள்ளுவான். மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். நாத்தனார் நேற்றே போன் செய்து, "அண்ணி, அன்னிக்குப் பூனையை அறையில போட்டுப் பூட்டிடுங்க" என்றார். சரி என்று சொல்லிவைத்தேன். பூட்டப்போவதில்லை.