40 மணி நேரம் ஆன்லைன்ல படிச்சா ஆட்டிசம் பிஹேவியர் தெரபிஸ்ட் ஆகிடலாமா? (காரைக்குடி பக்கம்)

கானாடுகாத்தான்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி சைக்காலஜி முடிச்சிட்டு காரைக்குடில ஒரு ப்ளே ஸ்கூல்ல வேலை பாக்குறேன். எங்க அக்கா பையனுக்கு நாலு வயசு, ஆட்டிசம்னு மதுரைல பாத்துட்டு சொன்னாங்க, தெரபிக்குன்னு அவனத் தூக்கிட்டு அக்கா பஸ் ஏறுனா அந்த நாளே முடிஞ்சு போகுது, பையன் பஸ்ஸுலயே அழுது களைச்சிர்றான், அங்க போய் உக்காந்தா ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறான். நம்ம ஊர்லயே இத செய்ய ஆள் வேணும், நானே படிச்சா என்னன்னு தோணுது. ஒரு ஆன்லைன் விளம்பரத்துல 40 மணி நேர கோர்ஸ், முடிச்சா அமெரிக்கா சர்டிஃபிகேட், 'சர்டிஃபைட் பிஹேவியர் தெரபிஸ்ட்'னு போட்டுக்கலாம், 25,000 ரூபான்னு சொல்றாக. நம்பி கட்டலாமா? இது வச்சு வேலை கிடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை_தெரபி_ரூம்:
தங்கச்சி, பணம் கட்றதுக்கு முன்னாடி இத முழுசா படிங்க. நான் ஒரு சென்டர்ல ஏபிஏ (புள்ளையோட நடத்தையப் பாத்து, பழக்கிக் குடுக்குற தெரபி) செஷன் எடுக்குறேன். எல்லாரும் சொல்ற ஆர்பிடிங்கிறது இந்த தெரபிய செய்யுற டெக்னீஷியனுக்கான சர்டிஃபிகேட், அமெரிக்காவுல பிஏசிபிங்கிற போர்டு குடுக்குறது, அதுக்கு 40 மணி நேர ட்ரெயினிங் உண்டு, ஆனா அது மட்டும் இல்ல, நேர்ல செஞ்சு காட்டுற அசெஸ்மென்ட் இருக்கு, அப்பறம் 85 கேள்வி வச்சு எக்ஸாம், பாஸ் பண்ணாலும் மேல ஒரு சூப்பர்வைசர் இல்லாம வேலை பாக்க முடியாது. முக்கியமா, 2023 ஜனவரி 1-லேர்ந்து இந்தியால இருக்குறவங்க அப்ளிகேஷன அவங்க வாங்குறதே இல்ல. அதனால யாராச்சும் இங்க உக்காந்தே ஆர்பிடி ஆகலாம்னு சொன்னா அங்கேயே போன வச்சிருங்க.

இந்தியாவுலேர்ந்து போடக்கூடியது க்யூஏபிஏங்கிற போர்டு குடுக்குற ஏபிஏடி, ஐபிஏஓங்கிற போர்டு குடுக்குற ஐபிடி, ரெண்டும் ஆர்பிடி மாதிரியான சர்டிஃபிகேட்தான். ரெண்டுக்குமே 40 மணி நேரம் படிக்கணும், எக்ஸாம் எழுதணும், மேற்பார்வைல ப்ராக்டிஸ் செய்யணும். விளம்பரம் குடுத்தவங்கள ரெண்டே கேள்வி கேளுங்க: இந்த கோர்ஸ எந்த போர்டு ஒத்துக்குது, என்னைய சூப்பர்வைஸ் பண்ணப்போறது யாரு. பேர் சொல்லி பதில் வரலன்னா கிடைக்குறது வெறும் கோர்ஸ் முடிச்ச பேப்பர்தான்.

வீடியோ பாத்து புரியாத விஷயம் என்னன்னா எழுதுறது. 'சாப்பாட்டு நேரத்துல அடம் புடிக்கிறான்'னு புதுசா வர்றவங்க எழுதுவாங்க, அதுல ஒண்ணுமே இல்ல. 'தட்டு வச்சதும் கத்துனான், ஆயா போனக் குடுத்தாக, நிறுத்திட்டான்'னு எழுதுனா முன்னாடி என்ன, புள்ள என்ன செஞ்சுது, பின்னாடி என்ன கிடைச்சுதுன்னு மூணும் தெரியும், கத்துனா போன் வரும்னு புள்ள கத்துக்கிச்சுன்னும் தெரியும். அப்ப கத்துறத நிறுத்துறது நம்ம வேலை இல்ல, கத்தாம போன் கேக்க ஒரு வழி சொல்லிக் குடுக்குறதுதான், கையக் காட்டியோ படத்த எடுத்துக் குடுத்தோ. இது ஒருத்தர் பக்கத்துல இருந்து திருத்துனாத்தான் கை பழகும்.

பள்ளத்தூர்_அம்மா:
நான் தெரபிஸ்ட் இல்லம்மா, ஆட்டிசம் பொண்ணோட அம்மா, அந்த வகைல ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுக்கு வந்த ஒரு டீச்சர் மொதல்ல இங்கிலீஷ் படக் கார்ட பரப்பி வச்சுக்கிட்டு ஸ்ட்ராபெர்ரியக் காட்டு, ஸ்னோமேனக் காட்டுன்னாங்க, எங்க புள்ள அதெல்லாம் எங்க பாத்துச்சு. அப்பறம் வந்த பொண்ணு கார்டே எடுக்கல, எங்க வளவுல தரையில பூப் போட்ட ஆத்தங்குடிக் கல்லு, எங்க புள்ளைக்கு அந்தப் பூ மேல மட்டுமே கால் வச்சுப் போகணும், அந்தப் பொண்ணும் கூடவே பூ மேல நின்னு, அடுத்த பூவுக்குப் போக விடாம லேசா வழிய மறிச்சு காத்திருந்துச்சு, இவ நிமிந்து பாத்து 'ப்போ'ன்னா, உடனே வழி விட்டுச்சு. மொத வார்த்தை எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு. வெள்ளைப் பணியாரமும் அப்படித்தான் கேக்கப் பழகுனா.

இன்னொண்ணு, ஆட்டிசம் உள்ள பெரியவங்க நிறைய பேரு இந்த தெரபியப் பத்தி எழுதிருக்காங்க, கண்ணப் பாக்கச் சொல்லி முகத்தப் புடிச்சுத் திருப்புறது, கைய ஆட்டவே விடாம அமுக்கி வைக்கிறது எல்லாம் எவ்வளவு வலிச்சுதுன்னு. எந்த கோர்ஸ் படிச்சாலும் அதையும் தேடிப் படிச்சிட்டு புள்ளைங்க பக்கத்துல போ தாயி. கைய ஆட்டுறது யாருக்கும் கெடுதல் இல்ல, விட்டுரு.

தேவகோட்டை_ஸ்பெஷல்_எட்:
வேலைக்குன்னு கேட்டீங்கன்னா நான் வேற வழி சொல்வேன். 1992 சட்டப்படி நம்ம நாட்டுல மாற்றுத்திறனாளிங்களுக்கான மறுவாழ்வு வேலைக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேணும், ஸ்பெஷல் எஜுகேட்டர், க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லாம் அதுல வரும், 'பிஹேவியர் தெரபிஸ்ட்'னு தனிப் பிரிவே அதுல இல்ல. பதிவு இல்லாம அந்த வேலையப் பாத்தா ஒரு வருஷம் ஜெயில் வரைக்கும் சட்டத்துல இருக்கு. உங்களுக்கு டிகிரி இருக்கு, ஸ்பெஷல் எஜுகேஷன்ல பிஎட் பண்ணுங்க, காரைக்குடி அழகப்பா யுனிவர்சிட்டில அதுக்குன்னே டிபார்ட்மென்ட் இருக்கு, இல்ல சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்குற மத்திய அரசு மாற்றுத்திறனாளி நிறுவனம் நிப்மெட்ல (NIEPMD) என்ன கோர்ஸ் இருக்குன்னு பாருங்க. ஏபிஏடிய அதுக்கு மேல சேத்துக்கிட்டா ரொம்ப நல்லது, அத மட்டும் வச்சுக்கிட்டு போர்டு மாட்டிராதீங்க.

அக்காவுக்கு: யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்தாச்சா? 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் இருக்கு. மத்திய அரசோட நேஷனல் ட்ரஸ்ட் நடத்துற நிராமயாங்கிற திட்டத்துல ஒரு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ், தெரபி செலவும் அதுல வரும்.

கானாடுகாத்தான்_பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவங்களுக்கு போன் பண்ணி ரெண்டு கேள்வியும் கேட்டேன், போர்டு பேரச் சொல்லாம 'இன்டர்நேஷனல் லெவல்'னே சொல்லிட்டு இருந்தாங்க, சூப்பர்வைசருக்கு தனிக் காசாம். கட்டல. பிஎட் அப்ளிகேஷன் விசாரிக்கிறேன், கூடவே ஏபிஏடி. மதுரை அண்ணே, அக்கா பையனையே வச்சு ப்ராக்டிஸ் பண்ணலாமா, வீடியோ எடுத்து அனுப்புனா ஆன்லைன்ல பாத்து திருத்துவாங்களா?

மதுரை_தெரபி_ரூம்:
வீடியோவுல பாத்து திருத்துறவங்க இருக்காங்க. சொந்தக்காரப் புள்ளைய ப்ராக்டிஸ் கணக்குல காட்ட விடுவாங்களான்னு மொதல்லயே போர்டுக்கு மெயில் போட்டு கேட்டுருங்க, வீட்ல விளையாட்டா செய்யுறதுக்குத் தடை இல்ல. அக்கா, மாமா ரெண்டு பேர்ட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கிக்கங்க, குளிக்கிறது, ட்ரெஸ் மாத்துறது, அழுது பொரள்றது எல்லாம் எடுக்காதீங்க, பாத்து முடிஞ்சதும் வீடியோவ அழிக்கச் சொல்லிருங்க.