2003 இறுதி ஆட்டம்: ஃப்ளாப்பில் மனிமேக்கர் பெட் கட்டாமல் விட்டது சரியா?

வெட்டுச்சீட்டு:

லாஸ் வேகஸில் நடந்த 2003 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், கலந்துகொண்டவர்கள் 839 பேர். கடைசியில் மிஞ்சியவர்கள் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கரும் தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹாவும்.

மனிமேக்கர் கையில் ஸ்பேடு ராஜாவும் ஹார்ட்டின் 7-உம். 1 லட்சம் சிப்புக்கு ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்). ஸ்பேடு ராணி, ஹார்ட்டின் 9 வைத்திருந்த ஃபர்ஹா கால் செய்தார் (அதே தொகையைப் போட்டார்). ஃப்ளாப் (மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டு): ஸ்பேடு 9, டைமண்ட் 2, ஸ்பேடு 6. இருவரும் செக் (பெட் கட்டாமல் விட்டார்கள்). டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு): ஸ்பேடு 8. ஃபர்ஹா 3 லட்சம் கட்ட, மனிமேக்கர் அதை 8 லட்சமாக உயர்த்தினார். ஃபர்ஹா கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) ஹார்ட்டின் 3 வந்தது, அதனால் யாருக்கும் பயனில்லை. ஃபர்ஹா செக் செய்ததும் மனிமேக்கர் ஆல்-இன் போனார் (இருந்த சிப் எல்லாவற்றையும் வைத்தார்). ஒன்பதுகளின் ஜோடியை வைத்துக்கொண்டு ஃபர்ஹா ஃபோல்ட் செய்துவிட்டார் (சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்).

எல்லாரும் அந்த ரிவர் ப்ளஃபைத்தான் (வெறுங்கையோடு மிரட்டியதைத்தான்) பேசுகிறார்கள். எனக்குக் குறை ஃப்ளாப்பில் இருக்கிறது. முன்னால் ரெய்ஸ் செய்தவர் ஃப்ளாப்பிலும் அடித்தாக (பெட் கட்டியாக) வேண்டும். ஜோடியில்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது அமைவது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான். எதிராளிக்கும் அதே கதிதான். பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) 2 லட்சம் இருக்கும்போது 1 லட்சம் கட்டினால், மூன்றில் ஒரு முறை அவர் விலகினாலே போட்டது தேறிவிடும். அவரிடம் 9 இருந்தது நமக்குத் தெரியும், மனிமேக்கருக்குத் தெரியாது. ஆகவே முடிவைப் பார்த்து வாதாட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

வெட்டுச்சீட்டு ஐயா, ஜோடி அமையாதவர் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட மாட்டார்கள். உங்கள் வாதத்தின் ஓட்டை அங்கே இருக்கிறது. இரண்டு ஸ்பேடு தரையில் (பொதுச் சீட்டுகளில்) கிடக்கிறது. கையில் இரண்டு ஸ்பேடு உள்ளவர் போகமாட்டார். 8-7 வைத்திருப்பவர் போகமாட்டார். இருவர் மட்டும் ஆடும்போது ஏஸ் வைத்திருப்பவர்கூட ஒரு முறை கால் செய்து பார்ப்பார்.

தரையைப் பாருங்கள். ஏஸ்-7-2, மூன்றும் வெவ்வேறு வகை என்று வந்திருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி போன்ற கைகள் ரெய்ஸ் செய்தவரிடம்தான் அதிகம் இருக்கும்; கால் மட்டும் செய்தவரிடம் அவை இருந்திருந்தால் அவர் முன்பே மறு ரெய்ஸ் செய்திருப்பார். அங்கே பாட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். நூற்றுக்கு 25 முறை எதிராளி விலகினாலே நட்டமில்லை, விலகுவதோ அதைவிட அதிகம். 8-7-6 போன்ற தரையில் நிலைமை தலைகீழ். 10-9, 5-4, 7-6 எல்லாம் கால் செய்தவரிடம் குவிந்திருக்கும். 9-6-2 இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே பழக்கத்தினால் அடிப்பது வேறு, காரணத்தோடு அடிப்பது வேறு.

வெட்டுச்சீட்டு:

இடைப்பட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். இடைப்பட்ட தரையில் முன்கை எடுத்தவரிடம் (முதலில் ரெய்ஸ் செய்தவரிடம்) பெரிய ஜோடிகள் எல்லாம் இருக்கின்றன: பத்துகள், ஜாக்கிகள், ராணிகள். ஃபர்ஹா ரெய்ஸ் செய்யாமல் கால் மட்டும் செய்ததால் அவை அவரிடம் இருப்பது அரிது. அந்தப் பயத்தை விலைக்கு விற்காமல் ஏன் செக் செய்ய வேண்டும்? ஸ்பேடு ராஜா வேறு கையில் இருக்கிறது. கால் வந்தாலும் டர்னில் ஸ்பேடு வந்தால் இன்னொரு முறை அடிக்கலாம்.

கடைசி இருக்கை:

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் "ரெய்ஸ் செய்தவர் அடித்தாக வேண்டும்" என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு நாலு பேர் இருக்கும் பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஒவ்வோர் எதிராளியும் நூற்றுக்கு 60 முறை விலகுவார் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் என்றால் பாதி பாட் பெட் நல்ல லாபம், தேவை 33தானே. மூன்று பேர் என்றால் மூவரும் சேர்ந்து விலகுவது 0.6 × 0.6 × 0.6, அதாவது நூற்றுக்கு 22 முறைகூட இல்லை. அதே பெட், அதே சீட்டு, இப்போது நட்டம். வெட்டுச்சீட்டு அண்ணா சொல்கிற விதி இருவர் ஆட்டத்துக்கு வெளியே ஒரு நாளும் நிற்காது. இதை அழுத்திச் சொல்லாமல் புதியவர்களிடம் அந்த விதியைக் கொடுப்பது ஆபத்து.

வெட்டுச்சீட்டு:

நான் பேசுவது இருவர் ஆட்டம்தான். பலர் இருந்தால் குறைத்து அடிக்க வேண்டும் என்பதை யார் மறுத்தார்கள்?

பச்சை மேசை:

முன்கை எடுத்தவருக்கே ஃப்ளாப் சொந்தம் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது. 2019-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. கால் செய்தவர் அடுத்த சுற்றில் தானே முந்திக்கொண்டு பெட் கட்டுவதை நம் மேசைகளில் முட்டாள்தனம் என்பார்கள். ப்ளூரிபஸ் அதை மனிதர்களைவிட மிக அதிகமாகச் செய்தது. தரை யாருக்குப் பொருந்துகிறதோ அவர் அடிக்கலாம். முந்தைய சுற்றில் யார் ரெய்ஸ் செய்தார் என்பது ஒரு தகவல்தான், உரிமைப் பத்திரம் இல்லை.

கணக்குப்பிள்ளை:

பச்சை மேசை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நிரலை வைத்துத் தப்பித்துக்கொள்ளாமல் இந்தக் கையையே அலசுவோம். என் மனத்தில் உள்ள கேள்வி இது: ஆக்ரோஷமாக அடிக்கும் நேரம் எது? ஃப்ளாப்பில் மனிமேக்கரிடம் இருந்தது ராஜா உயரமும் (ஜோடியில்லை, பெரிய சீட்டு ராஜா) தூரத்து வாய்ப்புகளும். ஃபிளஷ் (ஒரே வகையில் ஐந்து சீட்டு) வேண்டுமென்றால் இன்னும் இரண்டு ஸ்பேடு வர வேண்டும், ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையாக ஐந்து சீட்டு) இரண்டு சீட்டு வர வேண்டும். டர்னில் ஸ்பேடு 8 விழுந்ததும் எல்லாம் மாறிவிட்டது. மீதமுள்ள ஸ்பேடு சீட்டு ஒன்பது. ஸ்பேடு அல்லாத 5-உம் 10-உம் ஆறு. ஆக 15 சீட்டு, காணாத 46-இல்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஆன்ட்டியை (ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பே போடும் சிறு தொகையை) விட்டுவிட்டால் பாட் 2 லட்சம், ஃபர்ஹாவின் பெட்டோடு 5 லட்சம். அதைப் பிடிக்க 8 லட்சம் போடுகிறார். கையில் எதுவுமே இல்லையென்றால் நூற்றுக்கு 62 முறை ஃபர்ஹா விலக வேண்டும். அந்த 15 சீட்டு இருப்பதால், ரிவர் பெட்டைக் கணக்கில் சேர்க்காமலே, 30 முறை விலகினால் போதும். பாதியாகக் குறைகிறது! செமி-ப்ளஃபின் (மேம்பட வாய்ப்புள்ள கையோடு மிரட்டுவதன்) வலிமை இதுதான். ஃபர்ஹாவின் சீட்டையும் தெரிந்துகொண்டு பார்த்தால், ஸ்பேடு ஒன்று குறைந்தாலும், மீதி மூன்று ராஜாக்களும் சேர்ந்து 44-இல் 17 சீட்டு மனிமேக்கரைக் காப்பாற்றும்.

இதே ஆயுதத்தை ஃப்ளாப்பில் வீணாக்கி, எதிராளி ரெய்ஸ் செய்து, மனிமேக்கர் விலகியிருந்தால் அந்த 8-ஐ அவர் பார்த்திருக்கவே மாட்டார். செக் செய்ததால் அடுத்த சீட்டு இலவசமாகக் கிடைத்தது.

வெட்டுச்சீட்டு:

இலவசச் சீட்டு ஃபர்ஹாவுக்கும்தான் கிடைத்தது. இதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அவரிடம் ஜாக்கி-10 இருந்திருந்தால் அதே 8 அவருக்கு ஸ்ட்ரெய்ட் வாய்ப்பைக் கொடுத்திருக்கும். 60 ஆயிரம் கட்டினால் அந்தக் கை ஃப்ளாப்பிலேயே போயிருக்கும். ஃபர்ஹா ரெய்ஸ் செய்தால் விலகுகிறோம், இழப்பு 60 ஆயிரம். மொத்தம் 83.9 லட்சம் சிப் இருக்கும் ஆட்டத்தில் அது பெரிய தொகையா?

இன்னொன்று. கையில் மூன்று 9 இருக்கும்போது இந்தத் தரையில் நீங்கள் செக் செய்வீர்களா? மாட்டீர்கள். ஃபிளஷ் வாய்ப்பு வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டில் அமைவது நூற்றுக்கு 19தான். பாதி பாட் கட்டினால் அவருக்கு 25 தேவை. தவறான விலையைக் கொடுக்க வைப்பீர்கள். அந்த வலுவான கையோடு மட்டும் பெட் கட்டி, ராஜா-7 போன்றவற்றோடு எல்லாம் செக் செய்தால், எதிரே இருப்பவர் ஃபர்ஹா. இரண்டு மணி நேரத்தில் உங்களைப் புத்தகம்போல் படித்துவிடுவார்.

கணக்குப்பிள்ளை:

நியாயமான வாதம். மூன்று 9-உடன் நான் பெட் கட்டுவேன், அதற்குத் துணையாகச் சில வெறுங்கைகளும் வேண்டும். அந்தத் துணைக்கு நான் ராஜா-7-ஐத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஸ்பேடு ஜாக்கி-10, 8-7, 7-5 போன்ற கைகள் அங்கே போகட்டும். கால் வந்தாலும் முன்னேற அவற்றுக்கு வழி இருக்கிறது, செக் செய்தால் காட்டி ஜெயிக்க அவற்றிடம் ஒன்றுமில்லை. ராஜா உயரம் இருவர் ஆட்டத்தில் சில சமயம் அப்படியே ஜெயிக்கும்.

கடைசி இருக்கை:

60 ஆயிரமா, 1 லட்சமா என்பதில் வெட்டுச்சீட்டு அண்ணா சத்தமில்லாமல் இறங்கி வந்திருக்கிறார். முதல் பதிவில் பாதி பாட், இப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

வெட்டுச்சீட்டு:

அளவை மாற்றினேன், கொள்கையை மாற்றவில்லை. ஸ்பேடு ராஜா என் கையில் இருக்கும்வரை எதிராளியிடம் ராஜா உயர ஃபிளஷ் இருக்க முடியாது. அந்த ஒரு சீட்டுக்காகவே ராஜா-7-ஐ உங்கள் 8-7-க்கு முன்னால் வைப்பேன். ஹார்ட்டின் ராஜாவாக இருந்திருந்தால் நானும் செக்தான்.

கணக்குப்பிள்ளை:

ஹார்ட்டின் ராஜாவோடு செக் என்றால் நமக்குள் இருக்கும் தூரம் ஒரு சீட்டு அளவுதான். அந்தச் சீட்டிலும் நான் செக்கையே தேர்ந்தெடுப்பேன். 60 ஆயிரத்துக்கு ஃபர்ஹா 9-ஐயோ 6-ஐயோ விடப்போவதில்லை, விடுகிற கைகளில் பாதியை என் ராஜா ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கிறது.