நெம்புகோல் துப்பாக்கியில் பாதி வழியில் சிக்கிய தோட்டாவை எடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 357 மேக்னம் தோட்டாவுக்கான நெம்புகோல் துப்பாக்கி. குழலுக்கு அடியில் ஓடும் குழாய் மேகசீனில், பக்கவாட்டுக் கதவு வழியாகத் தோட்டாக்களை ஏற்றும் வகை அது. ஆறு ஏற்றி இரண்டைச் சுட்டேன். இரண்டாவதன் வெற்றுக்கூடு தெறித்து விழுந்த பிறகு நெம்புகோலை மூடும்போது அது பாதியில் இறுகிவிட்டது. இப்போது மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. வெற்றுக்கூடு வெளியேறும் திறப்பின் வழியே பார்த்தால், தோட்டாவைக் குழலுக்கு நேரே உயர்த்தும் தூக்கியின் மேல் ஒரு தோட்டா சாய்ந்து கிடக்கிறது, அதற்கு அடியில் இன்னொன்றின் பின்பகுதி நுழைந்திருக்கிறது. நெம்புகோலை ரப்பர் சுத்தியலால் தட்டலாமா, அல்லது குழல் வாய் வழியே கம்பி விட்டுத் தள்ளலாமா?

பதில் 1

இரண்டையும் செய்ய வேண்டாம். தட்டினால் தூக்கி வளையலாம்; அதைவிட, சுடப்படாத தோட்டாவின் பிரைமர் (பின்பக்க நடுவில் இருக்கும், அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எந்த இரும்பின் மீது போய் அழுந்துகிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கம்பி விடுபவரின் கையோ குழல் வாய்க்கு நேரே இருக்கும்.

குழலைப் பின்னிருந்து மூடும் போல்ட் பின்னால் வந்தபோதே, சுடுவதற்காக அடிக்கும் ஹேமர் மேலேறி நின்றிருக்கும். ஆகவே துப்பாக்கியை ஆளில்லாத, பாதுகாப்பான திசைக்குத் திருப்பி, விசையிலிருந்து விரலை விலக்கி, கண்ணாடி அணிந்துகொண்டுதான் அடுத்த வேலை. குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது உறுதியாகாத வரை துப்பாக்கியின் முன்பக்கத்தில் கை வைக்கக் கூடாது.

சிக்கலை இறுக்கிப் பிடித்திருப்பது மேகசீன் சுருள்வில்லின் அழுத்தம்தான் என்பதால், சிக்கிய தோட்டாவோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அந்த அழுத்தத்தை விடுவிப்பதே முறை. மேகசீன் குழாயின் முன்முனை மூடியைப் பிடித்திருக்கும் சிறு திருகைக் கழற்றுங்கள். மூடி சீறிக்கொண்டு வரும். துணியால் பொத்திக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி கழற்ற வேண்டும். சுருள்வில்லை உருவிவிட்டு முன்பக்கத்தைத் தாழ்த்தினால் குழாயில் மிஞ்சிய தோட்டாக்கள் சரிந்து வெளியே வந்துவிடும். பிறகு அடியில் புகுந்ததன் விளிம்பை மட்டும், நடுவிலுள்ள பிரைமரைத் தொடாமல், மெல்லிய மரக்குச்சியால் முன்னோக்கித் தள்ளுங்கள். அதுவும் குழாய் வழியே போய்விட்டால் நெம்புகோல் தளர்ந்துவிடும். மேலே கிடப்பதை விரலாலேயே எடுக்கலாம்.

பதில் 2

மேலே சொன்னது சரி. அதற்கும் அசையாவிட்டால் நெம்புகோலையே கழற்றும் வழி உண்டு, ஆனால் அது வகையைப் பொறுத்தது. மார்லின் 336 போன்ற அமைப்பில் நெம்புகோலின் அச்சுத் திருகு ஒன்றை எடுத்தால் நெம்புகோல் கையோடு வரும், போல்ட் பின்பக்கம் உருவிக்கொண்டு வரும். வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் சிறு துண்டு அப்போது கழன்று விழும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். வின்செஸ்டர் 1894 அமைப்பு இத்தனை எளிதன்று. பழக்கமில்லாதவர்கள் அதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே மேல்.

கேட்டவர்

நன்றி ஐயா. அறை காலி என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டு திருகைக் கழற்றினேன். குழாயிலிருந்து இரண்டு தோட்டாக்கள் வந்தன, சிக்கியது குச்சிக்கு உடனே வழிவிட்டது. நான்கும் கணக்கில் சேர்ந்தன. தூக்கியின் மேலிருந்ததில் ஈயக்குண்டு சற்று உள்ளே அழுந்தியிருக்கிறது. அதை மீண்டும் பயன்படுத்தலாமா? மேலும், ஏன் இப்படி நேர்ந்தது?

பதில் 1

பயன்படுத்தாதீர்கள். குண்டு உள்ளே இறங்கினால் கூட்டுக்குள் இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் எகிறும். தனியே ஒதுக்கி வையுங்கள்.

பெரும்பாலும் காரணம் கைதான்: நெம்புகோலைக் கடைசி வரை தள்ளாமல் பாதியிலேயே திருப்பி இழுப்பது. தூக்கி உரிய நேரத்தில் எழுந்து குழாயின் வாயை மறைத்தால்தான் அடுத்த தோட்டா வெளியே வராது. தயங்கித் தயங்கி இழுத்தால் அந்த இடைவெளியில் அது நுழைந்துவிடுகிறது. நெம்புகோல் உரசி உரசித் தூக்கியில் பள்ளம் விழுந்திருந்தாலும் இதே விளைவுதான், அப்போது தூக்கியைச் செப்பனிடவோ மாற்றவோ வேண்டும்.

பதில் 3

தோட்டாவின் நீளத்தையும் அளந்து பாருங்கள். 357 மேக்னத்தின் உச்ச நீளம் 40.4 மி.மீ., அதே துப்பாக்கியில் போடப்படும் 38 ஸ்பெஷலுக்கு 39.4 மி.மீ. வின்செஸ்டர் 1873 வகைப் பழைய அமைப்பில், தூக்கிக்குள் இருக்கும் தோட்டாவின் நீளமே பின்வருவதைத் தடுத்து நிறுத்துகிறது. குட்டையாக இருந்தால் அடுத்ததன் பின்முனை உள்ளே எட்டிப் பார்த்து இயக்கத்தைப் பூட்டிவிடும். மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களை ஏற்றி, நெம்புகோலை முழு வீச்சில் இருபது முறை இயக்கிப் பார்த்தால் குறை கையிலா கருவியிலா என்பது தெரிந்துவிடும்.