5000 ரூபாய்க்குள் வீட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் எது? அக்கா ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் போகிறது

மாயவரத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அக்கா தேவாரம், திருப்புகழ் பாடுவாள். பத்துப் பாட்டு வீட்டிலேயே ரெக்கார்டு செய்து, கோயிலுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் இரண்டு சேனல் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்போன் வாங்கியாகிவிட்டது. லேப்டாப் ஐ3, 8 ஜிபி ராம், விண்டோஸ். கையில் மீதி 5000 ரூபாய்.

இப்போதைக்கு இலவசம் என்று ஆடாசிட்டி போட்டிருக்கிறேன். அக்கா குரலைப் பதிந்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து அதைக் கேட்டுக்கொண்டே மிருதங்கம் வாசித்தார். திருப்பிப் போட்டுக் கேட்டால் மிருதங்கம் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது. மூன்று தடவை வாசித்தார், மூன்று தடவையும் அப்படித்தான். "நான் தாளம் தப்புறேன்னு சொல்றியா?" என்று கோபித்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இது சாஃப்ட்வேர் கோளாறா? காசு கொடுத்து வேறு வாங்கினால் சரியாகுமா? எதை வாங்கலாம்?

பீட்டுக்கடை:
ப்ரோ, எஃப்எல் ஸ்டுடியோ போடுங்க. கிராக் வெர்ஷன் என்கிட்ட இருக்கு, தனியா அனுப்புறேன். எதுக்கு காசு?

ஒலிக்கூடம்:
தம்பி, வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆடாசிட்டியின் ஆடியோ செட்டிங்கில் ஹோஸ்ட் என்ற இடத்தில் என்ன காட்டுகிறது? அக்கா பாடும்போது ஹெட்போனில் தன் குரல் இரண்டு தடவை கேட்கிறது என்று சொன்னாரா? சுருதி எங்கிருந்து வருகிறது?

உங்கள் மச்சான் தாளம் தப்பவில்லை. அதை மட்டும் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

சேலத்துக்காரி:
பீட்டுக்கடை, அந்த வழியில் நானும் போய் அடிபட்டவள். கல்லூரி நாளில் தெரிந்தவர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்த கிராக்கைப் போட்டு இரண்டு மாதம் வேலை செய்தேன். ஒரு நாள் லேப்டாப் முழுக்க வைரஸ். ஃபார்மேட் செய்ததில் பதினொரு பாட்டு போச்சு.

தம்பி, எஃப்எல் ஸ்டுடியோ பீட் கட்டுகிறவர்களுக்கு அருமையான கருவி, ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க அப்டேட்டும் இலவசம். ஆனால் அதன் மிகக் குறைந்த விலைப் பதிப்பான ஃப்ரூட்டியில் மைக் வைத்துக் குரல் பதிய முடியாது. அதற்கு அடுத்த பதிப்பு வேண்டும், அது உங்கள் 5000-க்குள் வராது. ட்ரையலில் சேமித்ததையும் வாங்கினால்தான் மறுபடி திறக்க முடியும். தேவாரத்துக்கு அது தேவையே இல்லை.

மாயவரத்தான்:
ஒலிக்கூடம் அண்ணா, ஹோஸ்ட்டில் எம்எம்இ என்று இருக்கிறது. ஆமாம், அக்கா "கிணத்துக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்றாள். சுருதி போன் ஆப்பிலிருந்து, 5½ கட்டை. போனை மைக் ஸ்டாண்டுக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

மச்சானுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஒலிக்கூடம்:
சரி, மூன்றும் மூன்று தனிப் பிரச்சினை. எதற்கும் காசு செலவில்லை.

முதலில் கிணறு. உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும். மைக்கில் வருவதை லேப்டாப்புக்குப் போகாமலே அது நேராக ஹெட்போனுக்கு அனுப்பிவிடும். அதே குரல் லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு தாமதமாக இன்னொரு தடவை வருகிறது. இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொண்டு, சாஃப்ட்வேரில் மானிட்டரிங்கை அணைப்பதுதான் உங்கள் ஐ3-க்கு நல்லது.

அடுத்து மிருதங்கம். ஒலி லேப்டாப்புக்குள் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் பஃபர். ஒலியை நொடிக்கு 44,100 துண்டாக அளக்கிறோம், ஒரு துண்டு ஒரு சாம்பிள். அந்த வேகத்தில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு பொட்டலம் நிரம்ப 5.8 மில்லி செகண்ட், 1024 என்றால் 23. போக ஒன்று, வர ஒன்று. எம்எம்இ என்பது விண்டோஸின் பழைய பொதுவழி, அதில் இந்தப் பொட்டலங்கள் இன்னும் பெரிது. இன்டர்ஃபேஸ் செய்த கம்பெனி தரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் நடுவில் இருக்கிற இந்த வரிசைகளையெல்லாம் தாண்டி நேராகப் போகும்.

மச்சான் அக்காவின் குரலைக் கேட்பதே தாமதமாக. அவர் அதற்குச் சரியாகத் தட்டியது உள்ளே போய்ச் சேர்வது இன்னும் தாமதமாக. சாஃப்ட்வேர் அதைக் கணக்குப் பார்த்துப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். ஆடாசிட்டியில் அதற்கென்று லேட்டன்சி காம்பன்சேஷன் என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் -130 மில்லி செகண்ட் இருக்கும். அது ஒரு குத்துமதிப்பு எண், உங்கள் லேப்டாப்புக்கு அளந்து தைத்த சட்டை இல்லை.

அளந்து பாருங்கள். ஒரு கேபிளை எடுத்து இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே சொருகுங்கள். மைக்கைக் கழற்றிவிடுங்கள், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பட்டனையும் டைரக்ட் மானிட்டரையும் அணையுங்கள், ஸ்பீக்கர் வேண்டாம். ஆடாசிட்டியில் ஒரு ரிதம் ட்ராக்கை உருவாக்கி, அதை ஓடவிட்டு இரண்டாவது ட்ராக்கில் பதியுங்கள். இப்போது இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே டிக் இரண்டு இடத்தில் தெரியும். நடுவில் உள்ள தூரத்தைச் செலக்ட் செய்தால் எத்தனை மில்லி செகண்ட் என்று கீழே காட்டும். பதிந்தது பின்னால் இருந்தால் அந்த எண்ணை 130-உடன் கூட்டி மைனஸ் போட்டு அந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.

சுருதியைப் பற்றி வலந்தலை சொல்லுவார், அவர் ஏரியா.

வலந்தலை:
வந்துட்டேன். தம்பி, போனை மைக் கீழே வைத்தால் தம்புரா ஒலி குரலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முதல் டேக்கின் (ஒரு தடவை பாடிப் பதிவது ஒரு டேக்) பல்லவியையும் மூன்றாவது டேக்கின் சரணத்தையும் ஒட்டும்போது தம்புராவின் மீட்டு நடுவில் துள்ளும். குரலில் ஒட்டு தெரியாது, சுருதியில் தெரிந்துவிடும். இரண்டாவது இன்புட்டில் போனைக் கேபிளில் சொருகி, தம்புராவை மட்டும் ஐந்தாறு நிமிடம் தனி ட்ராக்காகப் பதிந்துகொள்ளுங்கள். அக்காவுக்கு அதை ஹெட்போனில் மட்டும் கொடுங்கள். கடைசியில் வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம்.

இன்னொன்று, மெட்ரோனோம் போட்டு அக்காவைக் கட்டிப்போடாதீர்கள். விருத்தத்துக்குத் தாளமே கிடையாது. தாளம் உள்ள பாட்டுக்கு, அக்கா பாடிய பிறகு அவரையே கையால் தாளம் போடச் சொல்லி, அந்தச் சத்தத்தைத் தனி ட்ராக்காகப் பதியுங்கள். மிருதங்கம் வாசிக்கிறவர் அதைப் பிடித்துக்கொள்வார், கடைசியில் அதை மியூட் செய்துவிடலாம். மிருதங்கம் வாசிக்கிற எங்களைத் தனியே உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி வாசிக்கச் சொல்வதே கொஞ்சம் கொடுமைதான். பாடுகிறவர் முகத்தைப் பார்க்காமல் மோராவை, அதாவது முடித்துவைக்கும் சொற்கட்டை, எங்கே வைக்கிறது? முடிந்தால் இருவரையும் ஒரே நேரத்தில் பதியப் பாருங்கள், இரண்டு சேனல் இருக்கிறதே.

மச்சானிடம் 5½ கட்டைக்கு ஏறுகிற சின்ன மிருதங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். தாழ்ந்த சுருதி மிருதங்கத்தை இழுத்துப் பிடித்துச் சேர்த்தால் எந்த சாஃப்ட்வேராலும் காப்பாற்ற முடியாது.

மாயவரத்தான்:
கேபிள் சொருகி அளந்தேன். 87 மில்லி செகண்ட் பின்னால் இருந்தது! -217 என்று எழுதினேன். மறுபடி சோதித்தால் டிக் மேல் டிக் உட்கார்ந்துவிட்டது.

87 என்பது ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, அதுவா இவ்வளவு தெரிந்தது?

ஒலிக்கூடம்:
ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். 87 என்றால் ஏறக்குறைய 30 மீட்டர். அக்கா கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் பாட, மச்சான் ராஜகோபுர வாசலில் வாசித்தது போல ஆகியிருக்கிறது.

மாயவரத்தான்:
இதை அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது.

சரி, அப்படியானால் சாஃப்ட்வேர் வாங்கவே வேண்டாமா? ஆடாசிட்டியில் ஒட்டி வெட்டுவது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

சேலத்துக்காரி:
இப்போதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். ஆடாசிட்டி ஒரு குரலைப் பதிய, இரைச்சல் நீக்க, வெட்டி ஒட்ட நல்லது. பத்துப் பாட்டு, ஒவ்வொன்றிலும் நாலைந்து டேக், நாலு ட்ராக் என்று போனால் முழு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஒன்று கையில் இருப்பது வசதி.

என் ஓட்டு ரீப்பருக்கு. வினாம்ப் ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கெலின் காக்கோஸ் கம்பெனி செய்வது. 60 நாள் எதையும் பூட்டாமல் முழுசாகக் கொடுப்பார்கள். அப்புறம் சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். அதை வைத்துச் சம்பாதித்தாலும் ஆண்டு வரவு 20,000 டாலருக்குள் என்றால் அதே விலைதான். வங்கிக் கட்டணமும் வரியும் சேர்த்தால் உங்கள் 5000-ஐக் கொஞ்சம் தாண்டும், அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும். ஏஎஸ்ஐஓ டிரைவர் சொல்லும் தாமதத்தைத் தானே கணக்கெடுத்துப் பதிந்ததை இடம் மாற்றி வைக்கும், நீங்கள் கேபிள் சொருக வேண்டியதில்லை. குறை என்றால், வாத்திய ஒலிகள் அதோடு சேர்ந்து வராது, முதல் வாரம் மெனுவைப் பார்த்தால் தலை சுற்றும். உங்களுக்குத்தான் நிஜ மிருதங்கமே இருக்கிறதே.

காசே வேண்டாம் என்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ என்ற சாஃப்ட்வேரைப் பாருங்கள், ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோவும் இலவசம், 8 ஆடியோ ட்ராக் வரை, உங்களுக்கு அது போதும். யார் வீட்டிலாவது மேக் இருந்தால் கராஜ்பேண்ட் சும்மாவே கிடைக்கும். இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள் ஏதாவது சாஃப்ட்வேர் கோட் அட்டை இருந்ததா என்றும் பாருங்கள், ஏபிள்டன் லைவ் லைட், க்யூபேஸ் எல்இ மாதிரி ஏதாவது இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்பதால் அந்தக் கோடை முதல் ஆளே தன் பெயரில் பதிவு செய்திருக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், எதில் செய்தாலும் பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் நொடியிலிருந்து தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். கேக்வாக் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் 1987-இலிருந்து இருந்த பெயர். 2017-இல் அதை வைத்திருந்த கிப்சன் கம்பெனி நிறுத்தியபோது எத்தனை பேர் கையைப் பிசைந்தார்கள் தெரியுமா? அடுத்த வருஷம் பேண்ட்லேப் கம்பெனி எடுத்து இலவசமாக விட்டதால் பிழைத்தோம்.

லினக்ஸ்வாத்தி:
ஆர்டர் (Ardour) என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை யாரும் சொல்லவில்லையே என்று வருத்தத்துடன் வந்தேன். நிரல் திறந்தே இருக்கிறது. நாமே கட்டிக்கொண்டால் இலவசம், கட்டியதை வாங்கினால் சின்னத் தொகை.

ஒலிக்கூடம்:
வாத்தியாரே, பையன் இப்போதுதான் ஹோஸ்ட் என்றால் என்ன என்று கண்டுபிடித்திருக்கிறான். விட்டுவிடுங்கள்.

மாயவரத்தான்:
ரீப்பர் ட்ரையல் போட்டேன். ஏஎஸ்ஐஓ டிரைவரும் போட்டேன். மேலே வலது மூலையில் தாமதம் 8.1/9.4 மில்லி செகண்ட் என்று காட்டுகிறது. மிருதங்கம் சேர்ந்தே வருகிறது.

புதுத் தலைவலி: "ங்ங்ங்" என்று அடியில் ஓர் இரைச்சல். ஃபேனை அணைத்தும் போகவில்லை. இரைச்சலையும், அக்காவுக்கு மேலே கொஞ்சம் சுருதி விலகுவதையும் ப்ளகின் (சாஃப்ட்வேரில் சேர்க்கும் துணைக்கருவி) போட்டுச் சரி செய்யலாமா?

ஒலிக்கூடம்:
லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள்.

ரீப்பரோடு வரும் ரியாஃபிர் ப்ளகினில் சப்ட்ராக்ட் என்று ஒரு முறை உண்டு. யாரும் பாடாத ஐந்து நொடி இரைச்சலைக் காட்டிக்கொடுத்தால் அதைக் கழிக்கும். கொஞ்சமாகப் போடுங்கள். அதிகமானால் அக்கா தண்ணீருக்குள் பாடுவது போல ஆகும். சுருதி திருத்தும் ப்ளகினைத் தானியங்கியாக விடவே விடாதீர்கள், ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கி அசையும் கமகத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடும். அந்த வரியை மட்டும் மறுபடி பாடச் சொல்லுங்கள்.

மைக்கின் பதிவு அளவு வைக்கும்போது பாட்டின் ஆரம்பத்தை வைத்துத் திருகாதீர்கள். மேல் பஞ்சமத்தைத் தொட்டுப் பாடச் சொல்லி, அது -12 டெசிபெலுக்கு அருகில் நிற்கும்படி வையுங்கள். 24 பிட்டில் பதிகிறீர்கள் அல்லவா, மெல்லிய இடங்கள் கெடாது.

மாயவரத்தான்:
சார்ஜர்தான்! கழற்றியதும் நின்றுவிட்டது. பேட்டரி 40 நிமிடம் தாங்குகிறது, அதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிடும்.

மச்சான் சனிக்கிழமை இரவே வந்துவிடுகிறார், சின்ன மிருதங்கத்தோடு. இருவரையும் சேர்த்தே பதியப் போகிறோம். தெருவில் சத்தம் இல்லாத நேரம் என்று விடிகாலை நாலரைக்கு வைத்திருக்கிறேன். பால்காரரிடம் பெல் அடிக்க வேண்டாம், திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியாகிவிட்டது.

வலந்தலை:
மார்கழி என்றால் கோயில் ஸ்பீக்கர் நாலரைக்கே ஆரம்பித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.